சோமாலி நூற்பயிற்சி: சொல்லின் ஈறும் முதலும்

ஒரு மொழியின் நூல்களைப் படித்துணரும் ஆற்றல், அம்மொழிச் சொற்களை எண்ணிச் சேர்ப்பதனால் மட்டும் வருவதன்று. தொடருள் நிற்கும் சொல் கொள்ளும் வடிவத்தைக் கண்டு, அதனின்று இயல்பு வடிவத்தைப் பிரித்தறியும் பயிற்சியும் உடன் வேண்டும். இவ்வுண்மை எல்லா மொழிக்கும் பொதுவாயினும், கிழக்காப்பிரிக்கச் சோமாலி மொழிக்குச் சிறப்பாகப் பொருந்தும். அம்மொழி பயில்வார்க்குக் கூறத்தகும் நெறிகள் இரண்டு. சொற்பட்டியலை மனப்பாடம் செய்து செய்தித்தாளின் உரைநடையிலிருந்து தொடங்குக என்பது ஒன்று. பாட்டே அம்மொழியின் உயிராதலின் பாட்டிலிருந்தே தொடங்குக என்பது மற்றொன்று. இவற்றுள் எதுவும் தனித்து நின்று நிரம்பாது என்பதும், இரண்டையும் இணைக்கும் வழி அம்மொழியின் அமைப்பிலேயே உள்ளது என்பதும் ஈண்டு யாம் காட்ட முயலும் பொருள்களாம்.

எழுத்து

சோமாலி நெடுங்காலம் வாய்மொழியாகவே வளர்ந்தது. அதனை அரபு எழுத்தால் எழுதும் முயற்சிகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உஸ்மானியா, போராமா என்னும் புதிய வரிவடிவங்களும் தோன்றின. 1972 அக்டோபரில் உரோமன் எழுத்தே அரசின் எழுத்தாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் 1973இல் நகரங்களிலும், 1974-75இல் நாட்டுப்புறங்களிலும் எழுத்தறிவு இயக்கங்கள் நடைபெற்றன.

இவ்வெழுத்துமுறை எளியது; நெட்டுயிரை எழுத்தை இரட்டித்துக் காட்டுவது. எனினும் பயில்வார் இரண்டு செய்திகளை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும். ஒன்று: 'எக்ஸ்', 'சி' என்னும் உரோமன் எழுத்துகள் சோமாலியில் ஐரோப்பிய ஒலியை உணர்த்தா, அரபு மொழியில் உள்ளவை போன்ற மிடற்றொலிகளையே உணர்த்தும். மற்றொன்று: சொல்லின் எடுத்தலும் படுத்தலும் எழுத்தில் குறிக்கப்படுவதில்லை. 'இனன்' என்பது முதலசை எடுத்தொலிக்க ஆண்மகவையும், ஈற்றசை எடுத்தொலிக்கப் பெண்மகவையும் குறிக்கும். ஏட்டில் இரண்டும் ஒன்றே. 'இனன்க' என வருமிடத்து ஆண் என்றும், 'இனன்த' என வருமிடத்துப் பெண் என்றும், ஒட்டி வரும் சுட்டிடைச்சொல்லே ஐயம் நீக்குகிறது. ஆகவே சொல்லின் ஈற்றை நோக்கிப் படிக்கும் வழக்கம் தொடக்கத்திலேயே அமைதல் வேண்டும்.

ஈற்றில் நிகழும் திரிபு

சோமாலியில் பொருளைச் சுட்டும் இடைச்சொல் பெயரின் பின் ஒட்டி வரும். ஆண்பாற் பெயர்க்குக் ககரமும் பெண்பாற் பெயர்க்குத் தகரமும் அடிப்படை. பெண் ஒட்டகத்தைக் குறிக்கும் 'ஹல்' என்னும் பெயர் இவ்வாற்றான் 'ஹல்த' என ஆதல் வேண்டும்; வழக்கில் ஆவது 'ஹஷ'. லகரமும் தகரமும் கூடி ஷகரமாயின. கல் என்பதனோடு தீது என்பது புணர்ந்து 'கற்றீது' எனத் திரிதலை அறிந்த நமக்கு இது வியப்பன்று. இத்திரிபு பெயரோடு நில்லாது வினையிலும் நிகழ்கிறது. 'ஹத்லை' என்பது அவன் பேசினான் எனப் பொருள்படும். அவள் பேசினாள் என்பதோ 'ஹதஷை' என வரும். அடிச்சொல் 'ஹதல்' என்பதே. பட்டியலில் 'ஹல்', 'ஹதல்' எனப் பயின்ற மாணவர் 'ஹஷ', 'ஹதஷை' என்பவற்றை ஏட்டில் காணுங்கால், முன்பே அறிந்த சொல்லைப் புதுச்சொல் என மயங்குவர். இங்குக் குறை சொல்லறிவில் இல்லை, புணர்ச்சியறிவிலேயே உள்ளது.

இதனினும் அரியது சிற்றிடைச்சொற்களின் கூட்டம். 'உ', 'கு', 'க', 'ல' என்னும் நான்கும் முறையே பொருட்டு, இடமும் கருவியும், நீக்கம், உடன் நிகழ்ச்சி என்னும் பொருள்களைத் தருவன. இவை தாம் தழுவும் பெயரோடு ஒட்டாமல், வினையை அடுத்து முன் நிற்கும்; இரண்டு கூடின் உருத்திரிந்து ஒன்றாகும். உ என்பதும் க என்பதும் கூடி 'உக' ஆகும். உ, கு இரண்டும் கூடினாலும், உகரமே இரட்டித்தாலும் 'உகு' என்பதே வரும். 'கக' என்னும் ஒரு வடிவுள் மூன்று வேறு சேர்க்கைகள் அடங்கும். இக்கூட்டத்தைப் பிரித்தறியாதார் ஆயிரம் பெயர்ச்சொற்களைக் கற்றிருப்பினும், யார் யாருக்கு எதனைச் செய்தார் என்பதை அறியமாட்டார். பட்டியல் நெறியின் பெருங்குறை இதுவே என்பது எம் துணிபு.

முதலைக் காட்டும் மோனை

இனிப் பாட்டு நெறியை நோக்குவோம். 'கபய்' முதலிய சோமாலிப் பாவகைகளில் மோனை ஓர் அழகு மட்டும் அன்று. விலக்க இயலாத யாப்புறுப்பு. கபய்யின் ஒவ்வோர் அடியும் இரு பகுதியாய் நிற்கும். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சொல்லேனும் குறித்த ஓர் ஒலியை முதலாகக் கொண்டு வருதல் வேண்டும். அவ்வொலி பாட்டின் முதலடி தொடங்கி இறுதியடி வரை மாறாது. உயிர்கள் அனைத்தும் தம்முள் மோனையாகும். நம் யாப்பில் மோனை அடிதோறும் மாறலாம். சோமாலிப் பாட்டிலோ நூறடி ஓடினும் ஒன்றே.

1979-80இல் எழுந்த 'தேல்லே' என்னும் பாட்டுத் தொடர் இதற்குச் சான்று. குலப்பற்றைக் கடிந்து மொஹமத் ஹாஷி தமஅ 'காரியே' தொடங்கிவைத்த அத்தொடரில், மறுமொழி தந்த புலவர் அனைவரும் தகர மோனையிலேயே பாடினர். தொடரின் பெயரே அவ்வெழுத்தின் பெயரால் அமைந்தது.

இவ்வமைப்பால் பயில்வார் பெறும் பயன் யாது? மேற்கண்ட திரிபுகள் பெரும்பாலும் சொல்லின் ஈற்றிலேயே நிகழ்வன. முதலோ பெரும்பாலும் திரியாது நிற்கும். புணர்ச்சி மறைக்கும் சொல்லை அதன் முதலைக் கொண்டு மோனை காட்டிக்கொடுக்கிறது. 'யகான்', 'தகான்', 'அகான்' என முதல் திரியும் வினைகள் சிலவே. அவற்றைத் தனியே மனங்கொள்ளலாம். மேலும், ஒரே ஒலியில் பல அடிகள் பாடவேண்டிய புலவர், வழக்கில் அருகிய சொற்களையும் தேடிக் கொணர்வர். எனவே ஒரு பாட்டைப் பயில்வது அகராதியின் ஓர் எழுத்துப் பகுதியை உயிரோடு பயில்வதை ஒக்கும். பாட்டின் யாப்பு குறில் நெடில் அளவால் அமைவதனைக் காரியே 1976இல் விளக்கினார். அவ்வளவை அறிந்தார்க்கு, நெடிலைக் குறிலாகப் படிக்கும் பிழையை ஓசையே உணர்த்திவிடும்.

ஆயினும் பாட்டு மட்டுமே போதும் என்பாரை யாம் உடன்படோம். மோனையின் பொருட்டுக் கொணர்ந்த சொல் தன் வழக்குப் பொருளினின்று விலகியும் நிற்கும். அதனையே நேர்ப்பொருள் எனக் கொள்ளும் மாணவர், உரைநடையில் வேண்டாத இடத்து அரிய சொல்லைப் பெய்து இடர்ப்படுவர். பாட்டு சொல்லைத் தருகிறது. அதன் எல்லையை உரைநடையே வரையறுக்கிறது.

பாட்டும் உரையும் விரவிய ஒரு நூல்

இவ்விரண்டும் ஒருங்கு அமைந்த நூல் ஃபாரஹ் மொஹமத் ஜாமஅ அவ்ல் 1974இல் வெளியிட்ட 'அகோன்தர்ரோ வா உ நஅப் ஜஅய்ல்' என்னும் புதினம். அறியாமை காதலுக்குப் பகை என்பது தலைப்பின் பொருள். தலைப்பே அறவுரையாய் நிற்றல் கதைக்கலைக்குச் சிறிது குறையே. எனினும் பயில்வார்க்கு அத்தலைப்பு ஒரு பாடமாகும். 'அகோன்' அறிவு, 'தர்ரோ' இன்மை. இவ்விறுதிநிலையை அறிந்தார் 'நஸீப்' என்னும் நற்பேற்றிலிருந்து 'நஸீப்தர்ரோ' என்னும் பேறின்மையைத் தாமே உய்த்துணர்வர். 'அகோன்' என்பதும் மேற்காட்டிய 'யகான்' என்பதும் ஓரினம். 'உ' என்னும் இடைச்சொல் பொருளால் 'ஜஅய்ல்' என்னும் காதலைத் தழுவியும், இடத்தால் 'நஅப்' என்னும் பகைக்கு முன்னே நிற்கிறது. ஐந்து சொற்களுள் அம்மொழியின் அமைப்பே தோன்றக் காண்கிறோம்.

இந்நூற்கதையில் தலைவி விடுத்த மடலைத் தலைவன் தானே படிக்க இயலாமல் பிறர் வாயிற் கேட்க நேர்கிறது. எழுத்தறியாமையின் இழப்பை இதனினும் கூர்மையாகக் காட்டல் அரிது. உரையின் இடையே பாட்டுகள் வருதலின், ஒரே நிகழ்ச்சியை இருவகை நடையிலும் ஒப்பிட்டுக் காணலாம். இதனை முடித்தோர், 1976இல் வெளிவந்த யாஸீன் உஸ்மான் கேனதீதின் சோமாலி அகராதியை மேற்கொள்ளலாம். சோமாலிச் சொல்லுக்குச் சோமாலியிலேயே பொருள் கூறும் அந்நூல், பிறமொழித் துணையை விட்டு நடக்கப் பழக்கும்.

ஆகவே திரிபிலக்கணம் முதலாகவும், உரையும் பாட்டும் விரவிய நூல் அதனை அடுத்தும், தனிப்பாட்டு அதன் பின்னுமாகப் பயில்வதே தக்க முறை என்பது இவ்வாய்வால் பெறப்படும் முடிவு. இது மாணவர் வசதியைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. 1991இல் சோமாலிய அரசு சிதைந்தது. 2012இல் காரியேயும் 2022இல் பெரும்புலவர் ஹத்ராவியும் மறைந்தனர். நினைவிலும் ஒலிநாடாவிலும் வாழ்ந்த பாட்டுகள், நினைந்தோர் மறைய, ஏட்டில் ஏறிய அளவே நிற்கும். ஏட்டில் ஏறியதும் பிரித்துப் பொருள் காண்பார் இல்வழி நில்லாது.