தொழில்முறைப் பயன்பாட்டில் தனியாள் கட்டமைவு உளவியல்: கெல்லியின் கோட்பாடும் கட்ட அட்டவணையும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க உளவியலறிஞர் ஜார்ஜ் கெல்லி 1955இல் முன்வைத்த தனியாள் கட்டமைவு உளவியல், கல்வி, மருத்துவம், மேலாண்மை, சந்தை ஆய்வு, கணினியியல் எனப் பல துறைகளில் பயன்பட்டு வந்துள்ளது. எனினும் அத்துறைகளைச் சென்றடைந்தது பெரும்பாலும் அவர் வகுத்த கருவியே. ஆராய்பவரும் ஆராயப்படுபவரும் ஒரே விதிக்கு உட்பட்டவர்கள் என்னும் கோட்பாட்டின் மையக் கருத்து பல இடங்களில் கைவிடப்பட்டது. அக்கருத்து எங்குக் காக்கப்பட்டது, எங்கு இழக்கப்பட்டது என்பதை மூன்று களங்களின் வழி இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஜார்ஜ் கெல்லி, தனியாள் கட்டமைவு, கட்ட அட்டவணை, ஏணி முறை, தொழில்முறை அறம்.

முன்னுரை

ஆசிரியர் ஒரு மாணவனைச் ‘சோம்பேறி’ என்கிறார். மருத்துவர் ஒரு நோயாளியை ‘ஒத்துழைக்காதவர்’ என்கிறார். மேலாளர் ஒரு பணியாளரைப் ‘பொறுப்பற்றவர்’ என்கிறார். இச்சொற்கள் பதிவேட்டில் ஏறியபின் மற்றொருவரின் கல்வியையும் சிகிச்சையையும் பிழைப்பையும் தீர்மானிக்கின்றன. இவை யாரைப் பற்றிய செய்தி? சொல்லப்பட்டவரைப் பற்றியதா, சொன்னவரைப் பற்றியதா? கெல்லியின் உளவியல் பிறந்தது இவ்வினாவிலிருந்துதான் எனலாம். அவர் பெயரால் நடைபெறும் தொழில்முறைப் பணிகளையும் இவ்வினாவைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடாகும்.

கோட்பாடு பிறந்த களம்

ஜார்ஜ் கெல்லி (1905–1967) கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். இயற்பியலிலும் கணிதத்திலும் இளநிலைப் பட்டம் பெற்று, எடின்பரோவில் கல்வியியல் பயின்று, 1931இல் அயோவாவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஃபோர்ட் ஹேஸ் கன்சாஸ் மாநிலக் கல்லூரியில் பணியேற்றார். அது பொருளாதாரப் பெருமந்தமும் புழுதிப் புயல்களும் மேற்குக் கன்சாஸ் உழவர்களை வாட்டிய காலம். உளவியல் உதவி எட்டாத ஊர்ப் பள்ளிகளுக்கு மாணவர்களுடன் பயணம் செய்து ஆலோசனை வழங்கும் ஒரு நடமாடும் மையத்தை அவர் நடத்தினார்.

அப்பணியில் அவர் கண்ட இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, ஃபிராய்டிய விளக்கங்கள் அம்மக்களுக்குப் பயன்பட்டன. ஆனால் கெல்லி தாமே புனைந்து கூறிய விளக்கங்களும் பயன்பட்டன. சிக்கலை வேறு வகையில் நோக்கவும் அடுத்து நிகழக்கூடியதை வேறு வகையில் எதிர்பார்க்கவும் அவ்விளக்கம் இடமளித்தால் போதுமானதாக இருந்தது. மற்றொன்று, மாணவர்களைப் பற்றி ஆசிரியர்கள் கொணர்ந்த முறையீடுகள். மாணவனின் சோம்பலை மாணவனிடம் தேடுவதைவிட, அம்முறையீடு ஆசிரியரின் நோக்கைப் பற்றி என்ன கூறுகிறது என்று தேடுவது பயனளிப்பதாக அவர் கண்டார். ஆசிரியர் மாணவனைப் பார்க்கும் முறை மாறியபோது புதிய வழிகள் புலப்பட்டன.

இவ்விரு பட்டறிவுகளும், 1946 முதல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய பணியும் சேர்ந்து, 1955இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘தனியாள் கட்டமைவுகளின் உளவியல்’ என்னும் நூலாக முதிர்ந்தன.

கட்டமைவு என்பதன் பொருள்

ஒவ்வொரு மனிதரும் ஓர் அறிவியலரே என்பது கெல்லியின் அடிப்படை உருவகம். மனிதர் கருதுகோள் வகுக்கின்றனர், நிகழ்வுகளைக் கொண்டு அதனைச் சோதிக்கின்றனர், தேவைப்படின் திருத்துகின்றனர். ஒருவருடைய உளச்செயல்கள் அவர் நிகழ்வுகளை எதிர்நோக்கும் வழிகளால் நெறிப்படுத்தப்படுகின்றன என்பது அவருடைய அடிப்படை எடுகோள். அதனை 11 துணைத்தேற்றங்களால் அவர் விரித்துரைத்தார். உலகை நோக்குவதற்கு எப்போதும் மாற்று வழிகள் உள்ளன. எவரும் தம் வரலாற்றுக்கு அடிமையாகியே தீர வேண்டியதில்லை என்பது இவற்றின் மெய்யியல் அடித்தளம்.

‘கட்டமைவு’ என்பதைக் ‘கருத்து’ என்று கொள்வது பொருந்தாது. கருத்து ஒரு பொருளைச் சுட்டி நிற்கலாம். கட்டமைவோ இருமுனை உடையது. ஒற்றுமையையும் வேற்றுமையையும் ஒருசேரக் காட்டுவது. ‘அமைதியானவர்’ என்னும் சொல்லை இருவர் ஆள்வதாகக் கொள்வோம். ஒருவருக்கு அதன் எதிர்முனை ‘கோபக்காரர்’, மற்றவருக்குத் ‘துடிப்பானவர்’. முன்னவர் வாயில் அது பாராட்டு. பின்னவர் வாயில் அது குறை. சொல் ஒன்றாயினும் கட்டமைவு வேறு. அகராதியில் எதிர்ச்சொல்லைத் தேடுவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படாது. அவரவரைக் கேட்டே அறிய முடியும்.

துணைத்தேற்றங்களுள் தொழில்முறைப் பணிக்கு இன்றியமையாதது சமூக உறவு பற்றியது. ஒருவர் மற்றவருடைய கட்டமைக்கும் முறையைத் தாம் கட்டமைத்துக்கொள்ளும் அளவுக்கே அம்மற்றவருடன் சமூகச் செயற்பாட்டில் பங்கேற்க இயலும் என்பது அதன் சாரம். மாணவன் ஆசிரியரைப் போல் சிந்திக்க வேண்டியதில்லை. ஆனால் மாணவன் எவ்வாறு சிந்திக்கிறான் என்பதை அறிய முயலாத ஆசிரியர் அவனுடன் உறவு கொள்ளவில்லை. அவனைக் கையாளுகிறார், அவ்வளவே.

கருவியும் மூன்று அளவுகோல்களும்

இக்கட்டமைவுகளை வெளிக்கொணரக் கெல்லி வகுத்த கருவியே ‘ரெப்பர்டரி கிரிட்’ எனப்படும் கட்ட அட்டவணை. தாய், தந்தை, பிடித்த ஆசிரியர், பிடிக்காத ஆசிரியர், மேலதிகாரி எனத் தம் வாழ்வில் இடம்பெற்றோரை ஒருவர் பட்டியலிடுவார். அவர்களுள் மும்மூவராக எடுத்து, எந்த இருவர் எவ்வகையில் ஒத்தவர், மூன்றாமவர் எவ்வாறு வேறுபட்டவர் என்று கூறுவார். இவ்வாறு கிடைக்கும் இருமுனைகளைக் கொண்டு பட்டியலிலுள்ள அனைவரையும் மதிப்பிடுவார். எண்களாக மாறும் அட்டவணையைப் புள்ளியியல் முறைகளால் பகுத்தாயலாம்.

கருவியின் இந்த எண்வயப்பாடே அதன் பரவலுக்கும் சிதைவுக்கும் காரணமாயிற்று. பிரித்தானியாவில் இக்கோட்பாட்டைப் பரப்பியவர்களுள் முதன்மையானவரான டான் பானிஸ்டர், கோட்பாட்டைப் பின்னே விட்டுவிட்டுக் கருவி தன்போக்கில் ஓடுவதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். ஆகவே எந்தவொரு பயன்பாட்டையும் மூன்று வினாக்களால் சோதிப்பது தகும். கட்டமைவுகள் அவரிடமிருந்தே பெறப்பட்டனவா, ஆய்வாளரால் தரப்பட்டனவா? கண்டறிந்தவை அவரிடமே திரும்பிச் சேர்கின்றனவா? ஆராய்பவர் தம் கட்டமைவுகளையும் ஆய்வுக்கு உட்படுத்துகிறாரா?

கல்விக் களம்

கெல்லியின் மையக் கருத்துக்கு அணுக்கமாக நின்ற பணிகளுள் ஒன்று, கிழக்கு லண்டனில் கல்வி உளவியலராகப் பணியாற்றிய டாம் ரேவனெட்டின் பணி. பள்ளி ஒரு குழந்தையை உளவியலரிடம் அனுப்பும்போது, சிக்கலில் இருப்பது குழந்தை மட்டுமா, குழந்தையைப் புரிந்துகொள்ள இயலாத ஆசிரியருமா என்று அவர் கேட்டார். தம் பணியில் தாம் எத்தகையவர் என்று ஆசிரியர் கொண்டுள்ள எண்ணத்தை அக்குழந்தை அசைத்துவிடுகிறது. பரிந்துரைக் கடிதம் அந்த அசைவின் வெளிப்பாடு. ஆதலால் குழந்தையிடம் கேட்ட வினாக்களுக்கு இணையாக ஆசிரியரிடமும் வினாக்கள் கேட்கப்பட்டன. நுண்ணறிவு எண்ணைக் கொண்டு குழந்தையை வகைப்படுத்துவதோடு நின்றுவிடும் நடைமுறைக்கு இது மாற்றாக அமைந்தது. மூன்று வினாக்களுக்கும் இப்பணி ஏற்ற விடையளிக்கிறது. இத்தகைய பணியில் பெரிய அட்டவணைகளுக்கு இன்றியமையாத இடம் இல்லை என்பது கவனத்திற்குரியது. கருவி குறைந்தாலும் கோட்பாடு நிலைத்தது.

மருத்துவக் களம்

மருத்துவக் களத்தில் படம் இருவேறாக உள்ளது. பானிஸ்டரும் ஃபே ஃபிரான்செல்லாவும் 1966இல் மனச்சிதைவு நோயில் காணப்படும் சிந்தனைக் குலைவை அறிய ஒரு சோதனையை வகுத்தனர். முன்பின் அறியாதவர்களின் நிழற்படங்களை, ஆய்வாளர் தந்த பண்புச் சொற்களின்படி நோயாளி வரிசைப்படுத்த வேண்டும். பண்புகளுக்கிடையிலான தொடர்பு எவ்வளவு வலிமையானது, இரண்டாம் முறையும் அது மாறாதிருக்கிறதா என்பன அளக்கப்பட்டன. நோயறியும் கருவி என்ற வகையில் இது நுட்பமானது. எனினும் இங்குக் கட்டமைவுகள் வெளியிலிருந்து தரப்பட்டவை. நோயாளி தம் உலகைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

இதே பானிஸ்டர் முன்வைத்த மற்றொரு கருதுகோள் வேறு திசையில் செல்கிறது. ஒருவருடைய எதிர்பார்ப்புகள் சுற்றியிருப்போரால் மீண்டும் மீண்டும் பொய்ப்பிக்கப்பட்டால், அவர் தம் கட்டமைவுகளைத் தளர்த்திக்கொண்டே செல்வார். எதையும் உறுதியாக எதிர்பாராதவரை எதுவும் பொய்ப்பிக்க முடியாது. சிந்தனைக் குலைவு அந்நெடுவழியின் முடிவாக இருக்கலாம். இவ்விளக்கத்தில் நோயாளி வெறும் பழுதுபட்ட உறுப்பாக நிற்கவில்லை. தோல்வியுற்ற சோதனைகளால் களைத்துப்போன அறிவியலராக நிற்கிறார். சோதனை நோயாளியை அளந்தது. கருதுகோளோ அவரைச் சூழ்ந்தோரையும் வினாவுக்கு உட்படுத்தியது.

ஃபிரான்செல்லா 1972இல் வெளியிட்ட திக்குவாய் பற்றிய ஆய்வு, கருவியும் கோட்பாடும் பிரியாது நின்றதற்குச் சிறந்த சான்று. நெடுங்காலமாகத் திக்கிப் பேசுபவருக்குத் ‘திக்கும் தாம்’ நன்கறிந்த ஒருவர். பிறர் எவ்வாறு நோக்குவர், எப்போது பொறுமை இழப்பர் என்பதெல்லாம் அவர் முன்னறிந்தவை. ‘தடையின்றிப் பேசும் தாம்’ அவருக்கு அறிமுகமற்றவர். எனவே சரளமாகப் பேசிய தருணங்களை ஆராய்ந்து, அந்நிலைக்குப் பொருள் சேர்ப்பதே சிகிச்சையாயிற்று. மாற விரும்பும் ஒருவர் மாற இயலாமல் நிற்பதைப் பிடிவாதம் என்று பழிக்காமல் விளக்குவது இவ்வாய்வின் தனிச்சிறப்பு.

வணிகக் களம்

கெல்லியின் மாணவர் டென்னிஸ் ஹிங்கிள் 1965இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் ஏணி முறையை வகுத்தார். இரு முனைகளுள் எதனை விரும்புகிறீர்கள், ஏன் என்று அடுத்தடுத்துக் கேட்டு, ஒருவரின் மேல்நிலை விழுமியங்களை நோக்கி ஏறுவது இம்முறை. மாற்றத்தை மனிதர் ஏன் எதிர்க்கின்றனர் என்பதை அறிவது ஹிங்கிளின் நோக்கங்களுள் ஒன்று. சந்தை ஆய்வு இதனை ஏற்றுக்கொண்டது. ரெனால்ட்ஸ், குட்மன் ஆகியோர் 1988இல் இதனை முறைப்படுத்தி, பொருளின் இயல்பு, அதனால் விளையும் பயன், நுகர்வோரின் விழுமியம் என்ற படிவரிசையாக்கினர். 1980களில் போயிங் நிறுவனத்தில் ஜான் பூஸ் உருவாக்கிய மென்பொருள், வல்லுநர்களின் அறிவைக் கணினிக்கு மாற்றக் கட்ட அட்டவணையைப் பயன்படுத்தியது.

இப்பணிகளில் கட்டமைவுகள் உரியவரிடமிருந்தே பெறப்படுகின்றன. முதல் வினாவுக்கு விடை நிறைவானது. இரண்டாம் வினாவில்தான் இடறல். நுகர்வோர் தம் தாய்மையுணர்வையோ தன்மதிப்பையோ ஏணியின் உச்சியில் வைத்துச் சொல்கிறார். அது விளம்பர வாசகமாகி அவரிடமே விலைக்கு வருகிறது. தம்மைப் பற்றிய அறிவாக அது அவரை அடைவதில்லை. மேலாண்மையில் நிலைமை வேறாக இருக்க இயலும். தம் பணியாளர்களைத் தாம் எத்தனை குறுகிய அளவுகோல்களால் அளக்கிறோம் என்பதை மேலாளர் ஒருவர் தம் அட்டவணையிலேயே காணலாம். ஆனால் அதே அட்டவணை ஆட்சேர்ப்பின் சல்லடையாகவும் மாறலாம். கருவி இரண்டுக்கும் இடந்தரும், கோட்பாடு தராது.

கோட்பாட்டின் குறை

கெல்லியின் கோட்பாடும் குறையற்றதன்று. உணர்ச்சிக்கு அதில் போதிய இடமில்லை என்னும் விமரிசனம் நூல் வெளிவந்த காலந்தொட்டே உள்ளது. பதற்றம், குற்றவுணர்வு, பகைமை ஆகியவற்றைக் கட்டமைவுகளின் மாற்றநிலைகளாக அவர் வரையறுத்திருப்பது இவ்விமரிசனத்துக்கு ஓரளவு விடையாகும். விடையற்று நிற்பது அதிகாரம் பற்றிய வினா. எல்லாரும் அறிவியலர்தாம், ஆனால் எல்லாருடைய கருதுகோளும் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஆசிரியரைப் பற்றி மாணவன் கொண்ட கட்டமைவு அவனோடு நின்றுவிடுகிறது. மாணவனைப் பற்றி ஆசிரியர் கொண்ட கட்டமைவு அவனுடைய அடுத்த வகுப்புவரை செல்கிறது. மாற்று நோக்கு எப்போதும் உண்டு என்ற கூற்றும் அளவோடு கொள்ளத்தக்கது. புழுதி மூடிய நிலத்தை உழவர் வேறு வகையில் நோக்கலாம். நோக்கு மாறியதால் கடன் தீராது.

ஆயினும் இக்குறையை நிரப்பும் வழி கெல்லியின் வரையறையிலேயே உள்ளது. பகைமை என்பதை அவர் சினமாகக் கொள்ளவில்லை. பிறரைப் பற்றிய ஒரு கணிப்பு தோற்றுவிட்டதை உணர்ந்த பின்னரும், அதற்குச் சாதகமான சான்றை வலிந்து பெற முயல்வதே பகைமை என்றார். இவ்வரையறையைத் தனிமனிதரிடமிருந்து நிறுவனத்துக்கு நீட்டினால் அதன் கூர்மை விளங்கும். ‘சோம்பேறி’ என்று குறிக்கப்பட்ட மாணவனுக்கு எளிய பணிகளே தரப்படுகின்றன, அவன் ஆர்வமிழக்கிறான், குறிப்பு சரியென்று மெய்ப்பிக்கப்படுகிறது. யாரும் சினங்கொள்ளவில்லை, யாவரும் கடமையையே செய்தனர். எனினும் கெல்லியின் சொற்பொருளில் அங்கு நிகழ்ந்தது பகைமை.

முடிவுரை

தனியாள் கட்டமைவு உளவியலின் தொழில்முறைப் பயன், அட்டவணையின் நுட்பத்தைக் காட்டிலும் அதனை நிரப்புவோர் யார் என்பதைச் சார்ந்துள்ளது. ரேவனெட், ஃபிரான்செல்லா ஆகியோரின் பணிகளில் ஆராயப்பட்டவர் தம்மைப் பற்றிய அறிவைப் பெற்றார். நோயறிச் சோதனையிலும் சந்தை ஆய்விலும் அவரைப் பற்றிய அறிவைப் பிறர் பெற்றனர். கட்ட அட்டவணையைக் கையாளும் ஆய்வாளர்கள், கட்டமைவுகளைத் தாமே வழங்குவதைத் தவிர்த்து, முடிவுகளை உரியவரிடம் பகிர்ந்து, தங்களுக்கும் ஓர் அட்டவணை நிரப்பிக்கொள்ளுதல் வேண்டும். இம்மூன்றனுள் கடினமானது மூன்றாவதே. முறையீடு முறையிடுபவரையும் பற்றியது என்று கன்சாஸ் ஊர்ப் பள்ளிகளில் கெல்லி கண்டது ஆய்வாளருக்கும் பொருந்தும். அதிலிருந்து அவருக்கு விலக்கு அளித்தால் எஞ்சுவது அளவைக் கருவி மட்டுமே.