ஒரு சீர் குறைந்த அடி

யாப்பு என்றாலே நம்ம மும்பைத் தமிழர் பலரும் "அது புலவர்கள் சமாச்சாரம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வியாபாரியான எனக்கு யாப்பும் ஒரு கணக்குதான். சமண முனிவர் அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை பிற்காலத்து நூல். ஆனாலும் நல்ல அளவுகோல். அதைக்கொண்டு, உ.வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றின் 188-ஆம் பாட்டை அளந்து பார்ப்போம். மக்கட்பேறு பற்றிப் பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது; ஏழே அடி.

இது நேரிசை ஆசிரியப்பா. முதலடி பலரோடு உண்ணும் செல்வரைப் பற்றியது. முதல் மூன்று சீரும் பகரத்தில் தொடங்கும் கூழை மோனை. கடையில் மூட்டை அடுக்குவது போல ஓசை அடுக்கி வருகிறது. இரண்டாம் அடி 'உடை' என்று தொடங்குகிறது. அதன் நான்காம் சீர் 'இடை' என்று குழந்தையை உள்ளே விடுகிறது. இது ஒரூஉ எதுகை. செல்வத்தின் ஓசையைப் பிடித்துக்கொண்டே பிள்ளை பந்திக்குள் நுழைந்துவிடுகிறது, பாருங்கள்!

அடுத்த மூன்றடியும் பிள்ளையின் ஆட்டம்தான். 'உம்' என்ற இடைச்சொல் ஐந்து முறை வருகிறது. முடிக்கும் வினை ஒன்றுகூட இல்லை. நெய்ச்சோறு உடம்பெல்லாம் சிதறும் அடியில் நெய்யும் மெய்யும் எதுகையாகின்றன.

ஆறாம் அடியில் மூன்றே சீர். ஈற்றயலடி முச்சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் விதி. அதை எல்லாப் புலவரும் காப்பார்கள். அந்தக் குறைந்த அடியில் நம்பி வைத்தது பிள்ளை இல்லாதவர்களை.

அவர்கள் வாழ்நாளுக்குப் பயனில்லை என்ற முடிவை நான் ஏற்கவில்லை. பெயர்சூட்டு விழாவில் இப்பாட்டைச் சொல்கிறோம். பிள்ளையில்லாத தம்பதியரும் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் சொல் கடுமையாக இருந்தாலும், குறைந்த சீரில் ஓர் இரக்கம் கேட்கிறது. மேலும், பாட்டு பிள்ளை பெற்ற பெருமையைப் பேசவில்லை. பிள்ளையோடு உண்பதைப் பேசுகிறது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தாராவியில் ஒண்டியாகப் பாடுபட்ட தகப்பன்மாருக்குப் பிள்ளை இருந்தது. அது சோற்றை அளைவதைப் பார்க்கும் கொடுப்பினைதான் இல்லை. விடுபட்ட சீர் அவர்களுக்கும் உரியது.

பேரப்பிள்ளைகளுக்கு இப்பாட்டைச் சொல்லிக்கொடுக்கும்போது, ஆறாம் அடி முடிந்ததும் ஒரு சீர் அளவு நிறுத்துங்கள். தமிழ் எழுத்துப் படிக்காத பிள்ளைக்கும் அந்தக் குறை காதில் விழும்.