காட்டாமல் விட்ட காட்சி

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ‘ஷெட்லாண்ட்’ பார்க்க உட்காருவேன். கிழக்குத் தாம்பரத்துப் புழுக்கத்தில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே மரங்கள் அரிதான அந்தத் தீவுகளின் காற்றும் கடலுமே பாதி சுகம். ஆன் கிளீவ்ஸின் நாவல்களிலிருந்து பிறந்து, 2013 முதல் பிபிசியில் வரும் துப்பறியும் தொடர் இது. சுமார் 23,000 பேர் வாழும் இடத்தில் சீசன் தவறாமல் கொலை விழுகிறது. அடுத்தவர் சாவை இப்படி ரசிக்கலாமா என்று என்னையே கேட்டிருக்கிறேன்.

2016இல் வந்த மூன்றாம் சீசனில் எனக்குப் பதில் கிடைத்தது. டோஷ் என்னும் பெண் காவலர் கிளாஸ்கோவில் கடத்தப்பட்டு வன்புணர்வுக்கு ஆளாகிறார். கேமரா அதைக் காட்டவில்லை. அதன் பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்பதையே காட்டுகிறது.

நான் வளர்ந்த காலத்துத் தமிழ்ப் படங்களில் இந்தக் காட்சி நீளும். தியேட்டரில் விசில் பறக்கும். அம்மாவும் நானும் தலைகுனிந்து உட்கார்ந்திருப்போம். அவமானம் எங்களுக்கு, விசில் அவர்களுக்கு. பிறகு பழிவாங்கக் கதாநாயகன் கிளம்புவான். அந்தப் பெண்ணைக் கதை மறந்துவிடும்.

‘ஷெட்லாண்ட்’ முழுக்கத் தப்பிவிடவில்லை. டோஷின் மேலதிகாரி பெரேஸை மிரட்டவே அந்தக் கொடுமை நடக்கிறது. ஆண்களின் சண்டையில் பெண்ணுடல் இங்கும் களமாகிறது. ஆனால் டோஷைக் கதை கைவிடவில்லை. அவர் வேலைக்குத் திரும்புகிறார், கோபப்படுகிறார், சிரிக்கிறார், தாயாகிறார். பெரேஸ் விடைபெற்ற பின், 2023 முதல் ரூத் கால்டரும் டோஷும் சேர்ந்து விசாரணையை நடத்துகிறார்கள்.

ரசிப்பதில் குற்றமில்லை. யாரைத் தலைகுனிய வைத்து ரசிக்கிறோம் என்பதே கேள்வி. இந்தத் தொடரை நான் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கிறேன்.