பெரிய கட்டை, மெதுவான சுழற்சி

வீட்டு லேத்தில், அதாவது மரக் கடைசல் இயந்திரத்தில், அதன் அளவுக்கு மீறிய கட்டையைக் கடைவதை வீம்பு என்பவர்கள் உண்டு. எனக்கு அது அடக்கத்தின் கலையாகவே தெரிகிறது. 12 அங்குல விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 1000 சுற்று சுழன்றால், அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 16 மீட்டர் வேகத்தில் ஓடும். விட்டம் 24 அங்குலமானால் அது 32 மீட்டர்; தடிமன் மாறாவிட்டாலும் எடை நான்கு மடங்கு. அதனால்தான் அங்குல விட்டத்தையும் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வரட்டும் என்று கடைசல்காரர்கள் கணக்கு வைக்கிறார்கள். 24 அங்குலத்துக்கு 250 முதல் 375 சுற்றுதான். கோணல் கட்டைக்கு அதற்கும் கீழே தொடங்க வேண்டும்.

பெரிய இயந்திரமே வாங்கலாமே என்பது நியாயமான கேள்வி. எடை தாங்காத பேரிங்குக்கும் ஆட்டம் காணும் காலுக்கும் கைத்திறன் ஈடாகாது. அங்கே விலகுவதே அறிவு. ஆனால் கட்டை லேத்தின் அடித்தளமான பெட்டில் இடிப்பது மட்டுமே தடை என்றால், சில லேத்துகளில் கட்டையைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கைத் திருப்பியோ அதன் வெளிமுனையிலோ கட்டையைப் பொருத்தலாம். உளித்தாங்கியைத் தரையில் தனியே ஊன்றலாம். அட்லாண்டாவின் கட்டடக் கலைஞர் எட் மோல்த்ராப் தம் மாபெரும் கிண்ணங்களுக்காக லேத்தையும் உளிகளையும் தாமே உருவாக்கினார். மெதுவாகச் சுழலும் கட்டையில் உளி மெல்லிய சீவலாகத்தான் எடுக்கும், நேரம் நீளும். அந்தப் பொறுமைதான் பெரிய கிண்ணத்தின் உண்மையான அழகு.