ஜிப்ஸிக்குப் புது ஷாக்: மெத்தையை எதிர்பார்க்காதீர்கள்

மாருதி ஜிப்ஸிக்குப் புது ஷாக் மாட்டினால் கார் மாதிரி மிதக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாட்டுவதற்கு முன் இடுப்பைப் பதம் பார்த்த வண்டி, மாட்டிய பிறகும் பார்க்கத்தான் செய்யும். பட்டறையிலிருந்து வெளியே எடுத்ததும் பழையதைவிட விறைப்பாகக்கூடத் தெரியும். கொடுத்த காசு போச்சா என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடும். கொஞ்சம் பொறுங்கள். சல்லி சிதறிக் கிடக்கும் ஓர் இறக்கத்தில், வளைவுக்குச் சற்று முன்னால், பிரேக்கை மிதிக்கும் இடம் வரட்டும். காசு எங்கே போயிருக்கிறது என்று அங்கே தெரியும்.

ஜிப்ஸியின் ஜாதகத்தை விரிக்கத் தேவையில்லை. 1985 டிசம்பரில் 970 சிசி என்ஜினோடு வந்தது, 1996ல் 1.3 லிட்டர் ‘கிங்’ ஆனது. 2000ல் எம்பிஎஃப்ஐ என்ஜின் வந்து 80 குதிரைத்திறனைத் தொட்டது. 2019 வாக்கில் பொதுமக்களுக்கு விற்பது நின்றது. ராணுவத்திலும் போலீஸிலும் இந்த வண்டியைப் பார்க்காதவர் கிடையாது. என்னிடம் இருப்பது எம்பிஎஃப்ஐ, துணிக்கூரை, செகண்ட் ஹேண்ட். பெரும்பாலும் கீழ்ப்பழனி மலையில்தான் ஓடுகிறது: சித்தரேவு பக்கமிருந்து ஏறி பெரும்பாறை, தாண்டிக்குடி, அப்புறம் காப்பித் தோட்டங்களுக்குள் போகிற மண் பாதைகள். சில நாள் பின்னால் மலைவாழைத் தார் ஏறும், பல நாள் காலியாக வரும். இந்தக் காலி விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஷாக்கைப் பற்றிப் பேசும் முன் பட்டையைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பிவிடுகிறேன். ஜிப்ஸிக்கு நாலு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங். ஜப்பானில் சுசுகி 1990களிலேயே ஜிம்னிக்குக் காயில் ஸ்பிரிங் கொடுத்துவிட்டது. நம்மூர் ஜிப்ஸிக்கோ கடைசி வண்டி வரை பட்டைதான். பட்டை நல்ல சுமை தாங்கும், உடைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ஒன்றை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பதெல்லாம் சரி. எல்லைச் சாவடிக்கு ஆட்களையும் சாமானையும் ஏற்றிப் போகிற ராணுவத்துக்கு அது வரம். சொந்தக் காசில் வாங்கி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவன் என்ன பாவம் செய்தான்? 2023ல் ஐந்து கதவு ஜிம்னி காயிலோடு வந்தபோது, பழைய ஜிப்ஸிக்காரர்கள் எத்தனை பேர் வயிறெரிந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காக வண்டியை விற்றுவிட்டேனா என்றால் இல்லை. ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடையில், 210 மில்லிமீட்டர் தரை இடைவெளியோடு, சேற்றில் இவ்வளவு லேசாக ஏறிப்போகிற வண்டி இந்த விலைக்கு வேறு எதுவும் இல்லை.

விஷயத்துக்கு வருவோம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. பள்ளத்தில் வாங்கிய அடியை ஸ்பிரிங் அப்படியே திருப்பிக் கொடுக்கும். அந்தத் திமிறலை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே தள்ளுகிறது. ஆட்டம் அங்கே சூடாக மாறிப்போகிறது. ஷாக் போய்விட்டால் வண்டி சொகுசாக ஆடும் என்பதுகூட ஜிப்ஸியில் நடக்காது. சக்கரம் தரையை விட்டு எழும்பும், இறங்கும், மறுபடி எழும்பும். எழும்பியிருக்கிற அந்த நேரத்தில் ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது.

ஷாக் போயிருக்கிறதா என்று பார்க்க எல்லாரும் செய்வது பம்பரை அமுக்கி விடுவது. ஒரு தடவைக்கு மேல் ஆடினால் போச்சு, ஆடாவிட்டால் நல்லாயிருக்கு. காயில் வைத்த காருக்கு இது ஓரளவு சரி. ஜிப்ஸியில் இந்தச் சோதனை பொய் சொல்லும். “வேற எப்படிண்ணே பாக்குறது?” என்று வத்தலக்குண்டில் எனக்கு வேலை பார்க்கும் மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“இது காரா தம்பி, அமுக்குனதும் ஆடுறதுக்கு? பட்டை துருப்பிடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. ஷாக்கையே கழத்திப் போட்டுட்டு அமுக்குனாலும் ஆடாது. கழத்தி, கையில பிடிச்சுப் பாருங்க.”

கழற்றிப் பார்த்தோம். நல்ல ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து இழுத்தால், முழு நீளத்துக்கும் ஒரே சீராக எதிர்க்கும். அமுக்குவதைவிட இழுப்பது கடினமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஸ்பிரிங் திமிறி நீளும்போதுதான் அதற்கு வேலை அதிகம். எங்கள் பின் வலது ஷாக்கில் முதல் இரண்டு விரற்கடைக்கு ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அப்புறம் ‘களக்’ என்று ஒரு சத்தம், அதன் பிறகு கொஞ்சம் பிடிப்பு. உடம்பெல்லாம் எண்ணெயில் ஊறிய புழுதி கெட்டியாகப் படிந்திருந்தது. சீல் போய் ரொம்ப நாளாகிவிட்டது என்பதற்கு அந்தப் புழுதியே சாட்சி. பின் டயர்களின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. துள்ளித் துள்ளி இறங்கும் சக்கரம் ரப்பரை அப்படித்தான் தின்னும். ஷாக் வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இந்த டயர் கணக்கையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்ன வாங்குவது? காசிருந்தால் ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் எமு, அமெரிக்காவின் ராஞ்சோ என்று பெரிய பெயர்கள் உண்டு. அந்த வரிசையில் ஒன்றின் விலைக்கு நம் நாட்டு ஷாக் கிட்டத்தட்ட நாலு வாங்கலாம். என் பட்ஜெட் புஷ், கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள். அதனால் ஜிப்ஸிக்கென்றே வரும் கேப்ரியல் ஆயில் ஷாக் நாலு. 1961லிருந்து இங்கே ஷாக் செய்துகொண்டிருக்கிற கம்பெனி. வீட்டில் அம்பாசடர் நின்ற காலத்திலிருந்தே அந்தப் பெயரின் மேல் எனக்கு ஒரு பாசம். அது விமர்சகனுக்கு அழகில்லை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பட்ஜெட் என்றதும் ‘ரீகண்டிஷன்’ பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஷாக்கில் ஓட்டை போட்டு, எண்ணெய் மாற்றி, வெல்டு வைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள். புதுசின் பாதி விலைகூட இருக்காது. கையில் இழுத்துப் பார்த்தால் நன்றாகவே எதிர்க்கும், கெட்டியான எண்ணெயை ஊற்றினால் எதுவும் எதிர்க்கும். ஆனால் ஷாக்கின் சூட்சுமம் எண்ணெயில் மட்டும் இல்லை, வால்விலும் தண்டிலும் சீலிலும் இருக்கிறது. குரோம் தண்டில் குத்துக் குத்தாகத் துரு இருந்தால், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அது புதுச் சீலை அறுக்கும். பெயிண்ட் அடிக்காத இடம் தண்டு ஒன்றுதான், அதை முழுக்க இழுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசுக்குப் பின்னால் மட்டும் புதுசு இரண்டு போட்டுவிட்டு, முன்னால் உள்ளதற்கு அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பக்கம் மாற்றுவது மட்டும் வேண்டாம். ஒரு ஆக்ஸிலுக்கு ஜோடியாகத்தான்.

இன்னொரு கூட்டம் ஷேக்கிளை நீட்டி வண்டியைத் தூக்கிவிட்டு, பழைய அளவு ஷாக்கையே மாட்டும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இன்னும் கீழே போகப் பார்க்கும், ஷாக்கின் நீளம் முடிந்துவிட்டிருக்கும். அப்போது ஆக்ஸிலின் மொத்தக் கனமும் ஷாக்கின் கண்ணில்தான் தொங்கும். கண் பிய்யும், அல்லது சேசிஸில் இருக்கும் பிராக்கெட் பிய்யும். வேறு வண்டியின் நீள ஷாக்கை மாட்டினால் எதிர்ப்பக்க ஆபத்து: பம்ப் ஸ்டாப் ரப்பர் இடிக்கும் முன்பே ஷாக் உள்ளே போய் முட்டிவிடும். விரிந்த நீளம், மடங்கிய நீளம் இரண்டையும் டேப்பில் அளக்காமல் ‘மலிவாகக் கிடைத்தது’ என்று வாங்காதீர்கள்.

மாட்டுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முந்தின நாள் ராத்திரியே நட்டுகளுக்கு டீசல் விட்டு ஊற வைத்தால் பாதி வேலை முடிந்தது. புதுப் பெட்டியைப் பிரித்து அப்படியே மாட்டுவதைத்தான் என்னால் பார்க்க முடியாது. கடையில் ஷாக் படுக்கையாகவே கிடந்திருக்கும், உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். மாட்டும் நிலையில் நிமிர்த்தி முழுக்க இழுக்க வேண்டும்; தலைகீழாகத் திருப்பி முழுக்க அமுக்க வேண்டும்; மறுபடி நிமிர்த்தி இழுக்க வேண்டும். நாலைந்து முறை செய்தால், நடுவில் தட்டுப்படும் அந்த வெற்றிடம் மறைந்து கை ஒரே சீராகப் போகும். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, புது ஷாக்கே ‘லொடலொட’ என்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இறுக்குவதிலும் ஒரு பதம் இருக்கிறது. ரப்பர் புஷ் லேசாகப் பிதுங்கி வாஷரின் விளிம்பை எட்டியதும் நிறுத்த வேண்டும். பலத்தைக் காட்டி மேலும் திருகினால் ரப்பர் நசுங்கி ஆறு மாதத்தில் வெடிக்கும்.

இனி ஓட்டம். பெரும்பாறைக்கு மேலே தார் பெயர்ந்த வளைவுகள் சில உண்டு. பழைய ஷாக்கில் காலியாக இறங்கும்போது வண்டியின் பின்பக்கம் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஒரு எட்டு வெளியே துள்ளும். ஜிப்ஸியின் பின் பட்டை முழுச் சுமைக்குச் செய்தது, காலி வண்டியின் எடை அதற்குப் பொருட்டே இல்லை. ஒரு குழி போதும், இரண்டு பின் சக்கரமும் தரையை விட்டுவிடும். இதனால் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை முன்கூட்டியே எதிர்த்துப் பிடித்து ஓட்டுவது என் கைக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. புது ஷாக்கோடு அதே வளைவில் கை தன்பாட்டுக்கு எதிர்த்துத் திருப்பியது, வண்டியோ துள்ளவில்லை. குழியில் ‘தொம்’ என்று ஒரு அடி, அதோடு முடிந்தது. இரண்டாவது ஆட்டம் இல்லை. அடி அதே அடிதான், முதுகுக்கு ஒரு பைசா லாபமில்லை. ஆனால் அடி வாங்கிய மறுகணமே டயர் தரையில் இருக்கிறது, மிதித்தால் பிரேக் பிடிக்கிறது. ஏபிஎஸ் எதுவும் இல்லாத வண்டியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மலை இறங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட வந்த வீட்டம்மா, “ஒண்ணும் மாறலையே” என்றாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் அது நியாயமான தீர்ப்பு. ஸ்டியரிங் பிடித்தவனுக்கு வண்டியே மாறிவிட்டது.

வாழைத்தார்களை ஏற்றிய நாளில் வித்தியாசம் இந்த அளவுக்குத் தெரியவில்லை. சுமை இருந்தால் பட்டையே ஒழுங்காக வேலை செய்துவிடுகிறது.

குறை எங்கே என்றால், மண் பாதையில் வரிவரியாக அலை விழுந்து கிடக்கும் நீண்ட தூரத்தில். முதல் கொஞ்ச தூரம் அமர்க்களம். போகப் போகப் பிடிப்பு தளர்வது சீட்டில் தெரியும். நிறுத்திக் கீழே குனிந்து ஷாக்கைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு. ஆயில் ஷாக் என்றாலே இது உண்டு. இடைவிடாமல் அடித்தால் எண்ணெய் சூடாகி நுரைக்கும், நுரைக்கு எதிர்ப்பு கிடையாது. கேஸ் ஷாக்கில் நைட்ரஜனை அழுத்தத்தோடு அடைப்பது இந்த நுரையைத் தடுக்கத்தான். லடாக், ஸ்பிட்டி என்று நாள்கணக்கில் அலைபாதையில் ஓட்டப் போகிறவர்கள் கூடுதல் காசைக் கொடுத்துவிடுங்கள். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சூடு வருவதற்குள் வீடு வந்துவிடும்.

சொகுசுதான் வேண்டும் என்பவர்களுக்கு ஷாக்கைவிட மலிவான வழி இரண்டு இருக்கின்றன. மண் பாதையில் டயர் காற்றை 18, 20 என்று இறக்குங்கள், தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றுங்கள். பட்டைகளைக் கழற்றித் துருவைச் சுரண்டி கிராஃபைட் கிரீஸ் தடவுங்கள். பட்டைக்குப் பட்டை வழுக்கினாலே அடி பாதி குறைந்ததுபோல இருக்கும். ஒரு பட்டையை உருவிவிடலாம் என்பார்கள். உருவினால் மிருதுவாகத்தான் இருக்கும், வாழைத்தாரை ஏற்றும் நாளில் பின்பக்கம் உட்கார்ந்துவிடும்.

இப்போதைக்கு என் வண்டியில் பாக்கி இருப்பது முன் இடது பக்கத்தில் ஒரு ‘டக்’. புது ஷாக் மேல்தான் முதலில் சந்தேகம் போனது. கடப்பாரையை விட்டு நெம்பிப் பார்த்ததில் ஆடியது ஷேக்கிள் புஷ். கடையில் பாலியூரிதீன் புஷ்ஷைக் காட்டினார்கள்: ரப்பரைவிட நாள்பட உழைக்கும், கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான் என்றார்கள். ஜிப்ஸிக்கு இன்னும் விறைப்பா? ரப்பரையே கொடுங்கள் என்று வாங்கி வந்திருக்கிறேன்.