ஆறு வார ஆய்வும் அதன் வாசலும்

மூன்று மாணவர்களுக்கு ஒரு சிறுகோள். அமெரிக்காவின் ‘சம்மர் சயின்ஸ் புரோகிராம்’ என்ற கோடைத் திட்டத்தின் வானியல் பிரிவுக்குத் தேர்வாகும் பள்ளி மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் வேலை இதுதான். பூமிக்கு அருகே வந்துபோகும் சிறுகோள் ஒன்றை இரவில் விழித்திருந்து படமெடுக்க வேண்டும். பின்னணி விண்மீன்களை வைத்து அதன் இருப்பிடத்தை அளக்க வேண்டும். வெவ்வேறு இரவுகளில் கிடைத்த அளவுகளைக் கொண்டு அது சூரியனைச் சுற்றும் பாதையைக் கணக்கிட வேண்டும். அதற்கான கணினி நிரலையும் அவர்களே எழுத வேண்டும். 1801இல் பார்வையிலிருந்து தப்பிய சீரிஸ் என்ற சிறுகோளை மறுபடி கண்டுபிடிப்பதற்காக 24 வயதுக் கணிதவியலாளர் காஸ் வகுத்த வழிமுறைதான் இதற்கு அடிப்படை. மேகம் மூடினால் அந்த இரவு போயிற்று. நிரலில் ஒரு கழித்தல் குறி தவறினால் பாதை முழுவதும் பிசகிவிடும். எங்கே பிசகியது என்று சொல்ல விடைத்தாள் கிடையாது.

பள்ளி ஆய்வகத்தில் நடப்பது பெரும்பாலும் விடை தெரிந்த சோதனை. ஊசல் எத்தனை முறை ஆடும் என்பது ஆசிரியருக்கு முன்பே தெரியும். மாணவர் அந்த எண்ணை எட்டிவிட்டால் மதிப்பெண். விடை யாருக்கும் தெரியாத கேள்வியோடு சில வாரம் போராடுவது வேறு வகை அனுபவம். அதை 16, 17 வயதிலேயே தருவதுதான் இத்தகைய திட்டங்களின் அசலான பலம். வேறு எந்தக் குறையைப் பேசினாலும் இதை மறுக்க முடியாது.

ஸ்புட்னிக் பறந்த இரண்டாம் ஆண்டில், 1959இல், கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கிலுள்ள தாச்சர் பள்ளியில் ‘சம்மர் சயின்ஸ் புரோகிராம்’ பிறந்தது. அணுசக்தி நீர்மூழ்கிகளின் தந்தை எனப்படும் அட்மிரல் ரிக்கோவர் 1983இல் ஓர் அமைப்பைத் தொடங்கக் காரணமாக இருந்தார். அடுத்த ஆண்டே அதன் கீழ் ‘ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்’ வந்தது. ஆர்.எஸ்.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது இப்போது எம்.ஐ.டி. வளாகத்தில் நடக்கிறது. முதல் வாரம் வகுப்புகள், அடுத்த ஐந்து வாரம் ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு, முடிவில் கட்டுரையும் உரையும். படிப்புக்கும் தங்குவதற்கும் கட்டணம் இல்லை. நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்த மூன்றெழுத்து வீட்டுப் பேச்சில் புழங்குகிறது.

இத்தகைய திட்டங்கள் உண்மையில் பலன் தருகின்றனவா? முன்னாள் மாணவர்களின் வெற்றிப் பட்டியலைக் காட்டுவது எளிது. ஆனால் எங்கே படித்திருந்தாலும் மேலே வந்திருக்கக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவர்கள் மேலே வந்ததைத் திட்டத்தின் சாதனையாகச் சொல்வது சான்றாகாது. இந்தச் சிக்கலைத் தாண்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. சாரா கோஹோட்ஸ் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள், உயர்தரத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஒன்று நடத்திய கோடைத் திட்டங்களை ஆராய்ந்தனர். அறிவியல் துறைகளில் குறைவாக இருக்கும் சமூகங்களின் பள்ளி மாணவர்களுக்கானவை அவை. விண்ணப்பித்த தகுதியானவர்களுக்குள் குலுக்கல் முறையில் இடம் தரப்பட்டது. எனவே இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. மிகத் தீவிரமான திட்டத்தில் இடம் பெற்றவர்கள் நான்கு ஆண்டுகளில் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் பட்டம் பெறுவது 33 விழுக்காடு கூடியது. ஒரு கோடைக்காலத்துக்கு இது மிகப் பெரிய விளைவு.

பலன் இவ்வளவு பெரிது என்பதால்தான் வாசலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

ஆர்.எஸ்.ஐ.யில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. மதிப்பெண் பட்டியல், கணித, அறிவியல் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், பல கட்டுரைகள் எல்லாம் வேண்டும். எந்தத் துறையின் எந்த உட்பிரிவில் ஆய்வு செய்ய விருப்பம், அங்கே இப்போது விடை தேடப்படும் கேள்விகள் எவை என்று மாணவரே எழுத வேண்டும். கேள்வியில் தப்பு இல்லை. ஆராய்ச்சியில் மனம் தோய்ந்த மாணவரை அது அடையாளம் காட்டும். ஆனால் பேராசிரியரின் மகளுக்கு அந்த விடை சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கிறது. இயற்பியலுக்குத் தனி ஆசிரியரே இல்லாத ஊரகப் பள்ளியின் மாணவன், ஆய்விதழ் என்ற ஒன்று இருப்பதையே முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். நூற்றைம்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர், ஒரு மாணவரின் சிந்தனைப் போக்கை விவரித்து இரண்டு பக்கம் எழுத நேரம் காண்பது அரிது.

அலெக்ஸ் பெல், ராஜ் செட்டி முதலானோர் அமெரிக்கக் காப்புரிமைப் பதிவுகளை வரிப் பதிவுகளோடு பொருத்திச் செய்த ஆய்வு இந்த இடைவெளிக்கு எண் தருகிறது. வருமானத்தில் உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் கண்டுபிடிப்பாளர் ஆவதற்கான வாய்ப்பு, கீழ்ப்பாதிக் குடும்பங்களின் பிள்ளைகளைவிட பத்து மடங்கு. மூன்றாம் வகுப்புக் கணிதத் தேர்வில் ஒரே மதிப்பெண் பெற்றவர்களுக்கு இடையிலும் பெரிய இடைவெளி இருந்தது. கண்டுபிடிப்பாளர்கள் நடுவே வளர்வதுதான் பெரிதும் உதவியது. அப்படி வளர வாய்க்காதவர்களுக்கு அதைத் தரவே கோடைத் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் விண்ணப்பமோ அது ஏற்கெனவே கிடைத்தவர்களுக்குச் சாதகமாக அமைந்துவிடுகிறது. நடத்துபவர்களின் நோக்கம் அதுவல்ல என்றாலும் விளைவு அதுதான்.

இந்த இடைவெளியில் ஒரு சந்தையும் முளைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு பள்ளி மாணவருக்கு வழிகாட்டியை ஏற்பாடு செய்து, ஆய்வுக் கட்டுரை எழுதவைத்து, எங்காவது வெளியிட்டும் கொடுக்கும் நிறுவனங்களைப் பற்றி 2023இல் ‘புரோபப்ளிகா’ செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. இவற்றில் படித்து உண்மையாகவே கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆனால் இலவசத் திட்டத்தின் விண்ணப்பத்தில் ‘முந்தைய ஆய்வு அனுபவம்’ எடை பெறும்போது, விலைக்கு வாங்கிய அனுபவமும் அதே தராசில் ஏறுகிறது.

வேறு வாசல்களும் இருக்கின்றன. 1957இல் ஆர்னால்ட் ராஸ் தொடங்கிய கணிதக் கோடைத் திட்டமும், அதன் வழியில் 1989இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிராமிஸ்’ திட்டமும் விண்ணப்பத்தோடு கணக்குகளை அனுப்புகின்றன. ஒரு மணி நேரத் தேர்வு அல்ல. வாரக்கணக்கில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கணக்குகள். விடை மட்டும் போதாது. எப்படி முயன்றார், சிறிய எடுத்துக்காட்டுகளில் என்ன கண்டார், எதை நிறுவ முடியவில்லை என்பதெல்லாம் தாளில் தெரிய வேண்டும். எம்.ஐ.டி.யின் ‘பீவர் ஒர்க்ஸ்’ கோடைத் திட்டம் இன்னொரு வழியில் போகிறது. மாணவர்கள் முதலில் இலவச இணையப் பாடம் ஒன்றை முடிக்க வேண்டும்; அதில் காட்டும் உழைப்பும் தேர்வில் கணக்கில் வருகிறது.

இந்த இரண்டு வழிகளிலும், இடம் கிடைக்காத மாணவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. எண் கோட்பாட்டில் ஒரு நல்ல கணக்கோடு மல்லுக்கட்டியிருப்பார், அல்லது ஓர் இயந்திரத்துக்கு நிரல் எழுதக் கற்றிருப்பார். கட்டுரையும் கடிதமும் மட்டுமே கேட்கும் விண்ணப்பத்துக்குக் குளிர்கால விடுமுறையைக் கொடுத்த மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தன்னைப் பற்றி எழுதும் பயிற்சிதான்.

கணக்கு அனுப்புவதிலும் ஓட்டைகள் உண்டு. தனிப்பயிற்சி ஆசிரியர் செய்து கொடுக்கலாம். இப்போது கணினியே விடை எழுதிக் கொடுக்கிறது. பள்ளி முடிந்து கடையில் வேலை பார்க்கும் மாணவருக்கு வாரக்கணக்கில் யோசிக்க ஓய்வு எங்கே? ஆனாலும் எழுதியவரை அழைத்து, அவருடைய தாளைப் பற்றியே கால் மணி நேரம் பேசினால், செய்தது யார் என்பது தெரிந்துவிடும். ஆய்வுப் பயணத்தை அலங்கரித்து எழுதிய கட்டுரையில் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இடங்களைப் பெருக்குவது இன்னொரு வழி. குவால்காம் நிறுவனர்களில் ஒருவரான ஃபிராங்க்ளின் அந்தோனியோ, மாணவப் பருவத்தில் ‘சம்மர் சயின்ஸ் புரோகிராம்’ படித்தவர். 2022இல் அவர் மறைந்த பிறகு, அந்தத் திட்டத்துக்கு அவர் 20 கோடி டாலர் விட்டுச் சென்றது தெரிய வந்தது. உயிர்வேதியியல், மரபணுவியல் என்று திட்டம் ஏற்கெனவே விரிந்துகொண்டிருந்தது; இனி இன்னும் விரியலாம். ஆர்.எஸ்.ஐ. போன்றவற்றுக்குப் பணம் மட்டும் போதாது. ஒவ்வொரு மாணவரையும் ஐந்து வாரம் தன் ஆய்வகத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு விஞ்ஞானி வேண்டும். அத்தகைய விஞ்ஞானிகள் விரும்பிய எண்ணிக்கையில் கிடைப்பதில்லை.

எனவே இடங்கள் எப்போதும் தட்டுப்பாடாகவே இருக்கும். அப்படியானால் கோஹோட்ஸ் ஆய்வுக்காக நடந்த குலுக்கலை ஒரு நிரந்தர முறையாகவே எண்ணிப் பார்க்கலாம். முதல் சல்லடையில் தகுதியானவர்களைப் பிரித்தெடுத்த பிறகு, அவர்களுக்குள் இவர் மேல், அவர் கீழ் என்று வரிசைப்படுத்த எந்தத் தேர்வுக் குழுவுக்கும் நம்பகமான அளவுகோல் இல்லை. அந்தக் கட்டத்தில் முடிவைச் சொற்சாமர்த்தியத்திடம் விடுவதைவிடக் குலுக்கலிடம் விடுவது நியாயம். ‘உன் தகுதியில் குறையில்லை, இடம்தான் போதவில்லை’ என்று 16 வயது மாணவிக்கு எழுதும் கடிதம் அப்போது ஆறுதலுக்காகச் சொன்னதாக இராது. நடந்ததை அப்படியே சொன்னதாக இருக்கும்.