ஊதுபத்தி பிடிக்காத கை

புக்கிட் மேராவில் சாவு வீடு என்பது பெரும்பாலும் புளோக்கின் கீழ்த்தளம்தான். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை இந்த வட்டாரத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து உடல் வந்து சேர்வதற்குள் துணி கட்டி, வட்ட மேசைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டு, வேர்க்கடலையும் பொட்டலப் பானமும் அடுக்கிவிடுவார்கள். சீனர் வீட்டுத் துக்கமென்றால் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படைக் கணக்கில் நாட்கள் ஓடும். மின்தூக்கிக்குப் போகிற எவரும் அதைக் கடந்துதான் போகவேண்டும். 1989-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்த பிறகு சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒரே தாழ்வாரத்தில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போகாமல் இருந்துவிட முடியாது.

போனால், சவப்பெட்டிக்கு முன்னால் யாராவது ஒரு ஊதுபத்தியை நீட்டுவார்கள். கிறிஸ்தவராக இருப்பவர் அதை வாங்கமாட்டார். கைகளைக் கோத்துக்கொண்டு தலைகுனிந்து ஒரு நிமிடம் நிற்பார். உறையில் வைத்த பணத்தைக் கொடுப்பார். குடும்பத்தாரோடு உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்து வருவார். “கும்பிடமாட்டேன், ஆனால் மரியாதை செய்வேன்” என்ற இந்த நடைமுறையை இங்குள்ள சபைகள் பலவும் தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுத்து வருகின்றன. சீனக் குடும்பங்களும் இதை ஏற்கப் பழகிவிட்டன. இந்த ஏற்பாட்டின் பலம் எது, ஓட்டை எது என்று தமிழ்க் கிறிஸ்தவர் பக்கமிருந்து நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு.

பலத்தை முதலில் சொல்லிவிடலாம். இதில் பொய் இல்லை. நம்பாத ஒன்றை நம்புவதுபோல் நடிப்பது செத்தவருக்கும் மரியாதையல்ல, உயிரோடிருப்பவருக்கும் மரியாதையல்ல. மறுக்கிறவர் ஓடிப்போகவும் இல்லை. வந்து நிற்கிறார், குனிகிறார், செலவில் பங்கெடுக்கிறார். பல மதத்தார் நெருக்கியடித்து வாழும் ஊரில், “உன் சாமியை நான் கும்பிடவில்லை, உன் துக்கத்தில் நான் இருக்கிறேன்” என்று இரண்டையும் ஒரே உடம்பால் சொல்ல முடிவது பெரிய நாகரிகம். வேதாகமத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. பொற்சிலைக்கு முன் விழ மறுத்த சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோவை எல்லாப் பிரசங்கியாரும் எடுத்துக் காட்டுவார்கள். சீரியப் படைத்தலைவன் நாகமானை அவ்வளவாகக் காட்டமாட்டார்கள். தன் அரசன் ரிம்மோன் கோவிலில் தன் கைமேல் சாய்ந்து குனியும்போது தானும் குனிய வேண்டியிருக்கும், அதை மன்னிக்கவேண்டும் என்று அவன் முன்கூட்டியே கேட்கிறான். எலிசா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். நெருப்புச் சூளையும் ரிம்மோன் கோவிலும் ஒரே நூலுக்குள் இருக்கின்றன என்பதை மறந்தால் விசுவாசம் வெறும் விறைப்பாகிவிடும்.

தமிழ்க் குடும்பத்தில் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர் இந்தியரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். அவர்களில் பலருக்கு அப்பாவோ பெரியம்மாவோ இந்துவாகவே இருப்பார். பக்கத்து வீட்டுச் சவப்பெட்டி ஒரு நிமிடச் சோதனை. பெற்ற தாயின் சாவு பதினாறு நாள் சோதனை. மூத்தமகன் ஞானஸ்நானம் பெற்றவன் என்றால் குடம் சுமப்பது யார், கொள்ளி யார், வாய்க்கரிசி போடுவானா, கருமாதியில் உட்காருவானா? “தம்பி பார்த்துக்கொள்வான்” என்று ஒதுங்கிக்கொள்கிற மகனைச் சித்தப்பாவும் மாமாவும் இருபது வருடத்துக்கு மறக்கமாட்டார்கள். ஞானஸ்நான வகுப்பில் “செய்யக்கூடாதவை” பட்டியலை வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைக்கு, “செய்யவேண்டியவை” பட்டியலை யாரும் எழுதிக்கொடுத்திருக்கமாட்டார்கள். முதல் ஓட்டை இதுதான். மறுப்புக்கு ஒழுங்கான பாடம் இருக்கிறது. மறுப்பால் விழும் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதற்குப் பாடம் இல்லை.

எது வழிபாடு, எது வெறும் வழக்கம் என்று பிரிப்பதும் சொல்வதுபோல் எளிதல்ல. “பண்பாடு வேறு, மதம் வேறு” என்று ஒரே வீச்சில் வெட்டிவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. தமிழ்ச் சடங்குகளில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. ஆனாலும் பிரிக்க முடியாத முடிச்சும் அல்ல. வாய்க்கரிசி எந்தத் தெய்வத்துக்கும் படைக்கும் படையல் அல்ல. பெற்ற வாய்க்குப் பிள்ளை போடும் கடைசிப் பிடி. அதைக் கிறிஸ்தவ மகன் தாராளமாகப் போடலாம். குடம் சுமக்கலாம், பாடை தூக்கலாம், மொட்டை போட்டுக்கொள்ளலாம். பிண்டம் வைத்து மந்திரம் சொல்லும் இடத்தில் அவன் எழுந்து பின்னால் போய் நிற்கட்டும். பூவும் பொட்டும் சண்டைக்கே உரியவை அல்ல. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பொட்டு வைத்தும் பூ முடித்தும் சிலுவை பொறித்த தாலி கட்டியும் வந்திருக்கிறார்கள். அதனால் அவர்களின் விசுவாசம் எந்த வகையிலும் குறைந்ததாகத் தெரியவில்லை. பிரசாதம் வேண்டுமா வேண்டாமா என்பதற்குப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பதிலே போதும். சிலையில் ஒன்றுமில்லை என்கிறார். அதே மூச்சில், பக்கத்தில் இருப்பவனின் மனச்சாட்சியைப் பார்த்துக்கொள் என்கிறார். பக்கத்தில் இருப்பவன் சபைக்காரனாக மட்டுமே இருக்கவேண்டும் என்பதில்லை; தட்டை நீட்டுகிற அத்தையும் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

இந்த எல்லைக்கோடு எக்காலத்திலும் ஒரே இடத்தில் இருந்ததில்லை. சீனக் கத்தோலிக்கர் மூதாதையர் பலகைக்கு முன் வணங்குவதை ரோமாபுரி 18-ஆம் நூற்றாண்டில் தடைசெய்தது. 1939 டிசம்பரில் அதே ரோமாபுரி அதைப் பெரிதும் தளர்த்தியது. பிணத்தை எரிப்பதைப் பாருங்கள். ஒருகாலத்தில் அது பிறமதத்தார் வழக்கம், கிறிஸ்தவனுக்கு மண்தான் என்று உறுதியாக நின்றார்கள். கத்தோலிக்கச் சபை 1963-இல் தடையை நீக்கியது. சிங்கப்பூரில் பிடாடாரி மயானம் 1972-இல் மூடப்பட்டு, 2001 தொடங்கி அங்கிருந்த கல்லறைகள் தோண்டி எடுக்கப்பட்டன. 1998 முதல் சுவா சூ காங்கில் புதைத்தாலும் 15 ஆண்டுதான். இன்று கிறிஸ்தவக் குடும்பங்கள் பெரும்பாலும் மண்டாய் தகனச் சாலைக்குத்தான் போகின்றன. அதற்காக எந்தச் சபையும் உடைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அம்மாவின் வாய்க்கரிசிக்கு இளகாத கோடு நிலப் பற்றாக்குறைக்கு இளகிவிட்டது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அரசும் வசதியும் தரும் அழுத்தத்துக்கு நாம் சத்தமில்லாமல் இணங்குகிறோம். உறவுக்காரர் தரும் அழுத்தத்தை மட்டும் விசுவாசத்தின் சோதனையாக அறிவிக்கிறோம்.

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. அதைப் பார்க்க மதுரைக்கும் புதுச்சேரிக்கும் போய்வரவேண்டும்.

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்து, சைவ உணவு உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவற்றை மதம் மாறியவர்கள் வைத்துக்கொள்ளலாமா என்று எழுந்த வழக்கில், 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நோபிலி பக்கம் தீர்ப்பளித்தார். தமிழ்ப் பண்பாட்டோடு கிறிஸ்தவம் சமரசம் செய்துகொண்ட பொற்காலம் என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. ஆனால் அந்தச் சமரசத்துக்கு நோபிலி ஒரு விலை கொடுத்தார். பரதவரிடையே ஊழியம் செய்துவந்த சக பாதிரியார் கொன்சாலோ பெர்னாண்டஸோடு பந்தி பகிராமல் ஒதுங்கியிருந்தார். பண்பாட்டை மதிக்கிறோம் என்ற பெயரில் யாருடைய பண்பாடு மதிக்கப்பட்டது? பூணூலுக்கு இடம் கிடைத்தது, சேரிக்குக் கிடைக்கவில்லை.

1704-இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். தெய்வ உருவம் பொறித்த தாலி கூடாது, பெண் பூப்பெய்தும் சடங்கைக் கொண்டாடக் கூடாது, திருநீறு கூடாது என்று நீண்ட தடைப் பட்டியல் அது. அதே ஆணையில் இன்னொரு கட்டளையும் இருந்தது: நோயுற்ற பறையர் வீடுகளுக்குக் குருக்கள் நேரில் போய் இறுதி அருட்சாதனங்களை வழங்கவேண்டும். தமிழ்ப் பழக்கங்களின் நுட்பம் புரியாத ஓர் ஐரோப்பியரின் ஆணை என்று அதைத் தள்ளிவிடுவது சுலபம். தாலி விஷயத்தில் அவருக்குப் புரியாமல் இருந்திருக்கலாம். சேரி விஷயத்தில் அவர் சொன்னதே நற்செய்தி. இயேசு சபையாரோ அந்தக் கட்டளையை ஏற்கவும் தடுமாறினார்கள். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்ற அச்சம். 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்துவைத்தபோது கிடைத்த தீர்வு, பறையருக்கென்று தனியாக ஒரு வகைக் குருக்கள்.

புரட்டஸ்டாண்டு வரலாற்றிலும் இதே முடிச்சு உண்டு. 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக எழுதினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் புதிய மிஷனாரிமாரோடு மோதினார். தமிழ் இசை, திருவிழாப் பூக்கள், பழைய வேத மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்காக அவர் வாதாடியது நியாயம். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்படுகின்றன. ஆனால் அதே வாதத்துக்குள் சாதிப் பாகுபாட்டையும் அவர் சேர்த்தே காத்தார். பூவைத் தூக்கியெறிந்தவர்கள் சாதியையும் எறியப் பார்த்தார்கள். பூவைக் காத்தவர்கள் சாதியையும் காத்தார்கள். இரு தரப்பும் பாதி சரி. வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிவாரியாகப் பிரித்து உட்காரவைத்த சுவர் 1910 வரை நின்றது என்பதை மறக்கவேண்டாம்.

இந்த வரலாற்றிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு வழக்கத்தில் இந்து வாடை அடிக்கிறதா, சீன வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பதில் பயனில்லை. அது யாரைத் தாழ்த்துகிறது என்று கேட்கவேண்டும். இந்த அளவுகோலை வைத்தால், கீழ்த்தளத்தில் ஊதுபத்தி பிடிக்காத அதே கை வேறு எதையெல்லாம் தயங்காமல் பிடிக்கிறது என்பது தெரியும். தமிழ்க் கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் அச்சாகிறது. பொட்டு வைத்த மருமகளுக்காக ஜெபக்கூட்டம் போடுகிறவர்கள், சாதி பார்த்து மருமகள் தேடியதற்காக ஜெபக்கூட்டம் போட்டதாக நான் அறியேன். நான் சொன்ன இரண்டாவது ஓட்டை இதுதான். பண்பாட்டுக்கு இணங்கிப்போகும் கிறிஸ்தவம் என்று எதையாவது சொல்வதென்றால் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும்.

சிங்கப்பூருக்கே உரிய இன்னொரு அழுத்தமும் உண்டு: யார் மனமும் புண்படக் கூடாது என்ற பொது ஒழுக்கம். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. 1980-களில் சிராங்கூன் சாலைக் கோவில்களுக்குப் போகிற பக்தர்களிடம் கிறிஸ்தவத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 1989 டிசம்பரில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை அதைப் பதிவு செய்திருக்கிறது. 1990-இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டதில் நம் ஆட்களின் பங்கும் இருக்கிறது. அடுத்தவர் கோவில் வாசலில் நின்று அவர் தெய்வத்தைப் பழிப்பது துணிச்சலே தவிர விசுவாசம் ஆகாது. ஆனால் இந்த மௌனத்துக்கும் ஒரு விலை உண்டு. 1987 மே மாதம் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 16 பேர் கைதானார்கள், பிறகு மேலும் 6 பேர். மார்க்சியச் சதி என்றது அரசு. அவர்களில் பலர் கத்தோலிக்கச் சபையோடு தொடர்புள்ளவர்கள். சிலர் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் உதவி வந்தவர்கள். பிற்காலத்தில் பலர் குற்றச்சாட்டை மறுத்தார்கள். முதலில் அவர்கள் பக்கம் நின்ற பேராயர் கிரகோரி யோங், பிரதமரைச் சந்தித்த பிறகு அரசின் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார். சமூக நீதியைப் பற்றிப் பேசும்போது சபைகளின் குரல் அதன்பின் தாழ்ந்தது. மத விஷயத்தில் காட்டவேண்டிய பணிவு, கூலி விஷயத்திலும் பழக்கமாகிவிட்டது.

முழுக்க அப்படியே ஆகிவிடவுமில்லை. 2006-இல் கிறிஸ்தவர்கள் சிலர் தொடங்கிய ஹெல்த்சர்வ் மருந்தகம் வெளிநாட்டு ஊழியர்களுக்கு வைத்தியம் பார்த்துவருகிறது. தஞ்சாவூரிலிருந்தோ டாக்காவிலிருந்தோ வந்த ஒருவர் முதுகுவலியோடு அங்கே போனால், எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்கமாட்டார்கள். அந்த வேலையால் எவர் மனமும் புண்படவில்லை, விசுவாசமும் குறையவில்லை.

ஊதுபத்தியை மறுக்கும் நடைமுறை தொடரலாம் என்பதே என் முடிவு. அது நேர்மையானது, இந்த ஊருக்கு ஒத்துவந்திருக்கிறது. ஆனால் அதை விசுவாசத்தின் முதன்மை அடையாளமாக வைப்பது தவறு. போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக ஞானஸ்நானம் பெறும் இந்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்: அம்மாவின் பாடையைத் தூக்கு, வாய்க்கரிசி போடு, பதினாறு நாளும் வீட்டில் இரு, செலவில் பாதியை ஏற்றுக்கொள், மந்திரம் சொல்லும்போது மட்டும் எழுந்து நில். அடுத்த வாரம் அதே வகுப்பில், சாதி பார்த்துப் பெண் எடுக்கும் சபை உறுப்பினருக்குத் திருமணம் நடத்திவைக்க மறுப்போம் என்று அறிவியுங்கள்.